கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார்கள், இறக்கலாமா?

வண்டன்மேட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரத்தை மட்டும் கொடுக்கிறேன்:

"அண்ணே, அப்பா வாங்கிய 2003 குவாலிஸ் எங்களிடம் இருக்கிறது. ஏலக்காய் வேலைக்காக வாரத்தில் இரண்டு மூன்று தடவை கம்பம் இறங்கி ஏறுவேன். காலையில் எடுக்கும்போது கிளட்ச் நன்றாக இருக்கிறது. திரும்பி கம்பம்மெட்டு ஏறி வர வர பெடல் லூசாகிக்கொண்டே போகிறது. நிறுத்தி எடுத்தால் முதல் கியர் விழாமல் அடம்பிடிக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கர்ர் என்று பல் உரசுகிறது. இரண்டு மூன்று தடவை பெடலை பம்ப் பண்ணினால் கியர் விழுந்துவிடுகிறது. கம்பத்தில் காட்டினேன், கிளட்ச் செட் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கணும் என்கிறார்கள். பிளேட் மாற்றி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கட்டப்பனையில் காட்டினேன், ஆயில் குறைந்திருக்கிறது என்று டப்பாவை நிரப்பி அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது, மறுபடியும் அதே கதை. யார் சொல்வதைக் கேட்பது? வீட்டில் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒரு பாட்டில் இருக்கிறது, அவசரத்துக்கு அதை ஊற்றலாமா?"

தம்பி, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். ஊற்றாதீர்கள். ஒரு சொட்டுகூட வேண்டாம். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் வண்டியை எடுக்காமல் நிறுத்திவிட்டு, இந்தப் பதிலில் பின்னால் ரப்பர் பற்றிச் சொல்லியிருக்கும் இடத்தை முதலில் படியுங்கள்.

அடுத்து, கியர்பாக்ஸை இப்போதைக்கு இறக்க விடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன, இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. பம்ப் பண்ணினால் சரியாகிறது என்பது ஒன்று, ஆயில் ஊற்றினால் பத்து நாள் ஓடியது என்பது இன்னொன்று. கிளட்ச் பிளேட் தேய்ந்தோ, அதை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட் உடைந்தோ இருந்தால் நூறு தடவை பம்ப் பண்ணினாலும் ஒன்றும் மாறாது. பெடலை மிதித்து மிதித்துச் சரியாகிறது என்றால் கோளாறு பெடலுக்கும் கியர்பாக்ஸின் வெளிப்பக்கத்துக்கும் நடுவில், ஆயில் ஓடும் பாதையில் இருக்கிறது. அந்தப் பாதை முழுக்க வெளியிலேயே இருக்கிறது, எதையும் இறக்காமல் பார்க்கலாம், மாற்றலாம்.

பாதை எப்படி என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் பெடலை மிதிக்கும்போது ஒரு சின்ன ராடு, என்ஜின் அறைக்கும் உங்கள் காலுக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் போய் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் முன்னால் இருக்கும் பிரேக் ஆயிலை (கிளட்சிலும் ஓடுவது அதே ஆயில்தான்) இரும்புக் குழாய் வழியாக, அப்புறம் கொஞ்ச தூரம் ரப்பர் ஹோஸ் வழியாக, கியர்பாக்ஸ் கூட்டின் மேல் வெளியே மாட்டியிருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குத் தள்ளுகிறது. பட்டறைகளில் மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் என்றும் சொல்வார்கள். கீழ் சிலிண்டரின் பிஸ்டன் ஒரு ராடைத் தள்ள, ராடு ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை அமுக்க, பிளேட் விடுபடுகிறது. ஒரு ட்யூபின் இரண்டு முனையிலும் ஊசி இல்லாத சிரிஞ்சைச் செருகி, தண்ணீர் நிரப்பி ஒன்றை அமுக்கினால் மற்றது வெளியே தள்ளும் இல்லையா, அதேதான். நடுவில் காற்றுக் குமிழி இருந்தால் முதல் பாதி அமுக்கம் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். அமுக்கும் சிரிஞ்சின் ரப்பர் தளர்ந்திருந்தால் தண்ணீர் அதன் ஓரமாகப் பின்னால் நழுவிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது அளவு. கீழ் சிலிண்டரின் ராடு முழுசாக நகர்வதே ஒரு விரல் அகலம் போல்தான். அதில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைந்தால் போதும், பிளேட் முழுசாக விடுபடாமல் என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலோடு லேசாக ஒட்டிக்கொண்டே சுற்றும். ரிவர்ஸில் கர்ர் சத்தம் முதலில் வருவது அதனால்தான். முன்னோக்கிப் போகும் கியர்களுக்கு வேகத்தைச் சமன்செய்ய சிங்க்ரோ வளையம் இருக்கிறது, பெரும்பாலான பழைய வண்டிகளில் ரிவர்ஸுக்கு அது கிடையாது. அதனால் கிளட்ச் கொஞ்சம் இழுத்தால்கூட ரிவர்ஸ் முதலில் காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டப்பனையில் ஆயிலை நிரப்பி அனுப்பியது பற்றி. ஆயில் குறைந்திருக்கிறது என்று கண்டுபிடித்தது சரி, அங்கேயே நிறுத்தியது தவறு. பிரேக்கில் பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கும், அது இயல்பு. கிளட்சில் நேர்மாறு. பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட்டின் விரல்கள் வெளியே வந்து, கீழ் சிலிண்டரின் பிஸ்டனை உள்ளே தள்ளும், அங்கிருந்து இடம்பெயர்ந்த ஆயில் மேலே டப்பாவுக்குத்தான் திரும்பும். அதாவது நல்ல நிலையில் இருக்கும் கிளட்சில், காலம் போகப் போக மட்டம் ஒரு நூல் ஏறலாமே தவிர இறங்க வழியில்லை. இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. எங்கே என்று தேடாமல் நிரப்பிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் மட்டம் டப்பாவின் அடித் துளைக்குக் கீழே போய் காற்று உள்ளே இழுக்கும். உங்கள் பத்து நாள் கணக்கு அப்படித்தான் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கே ஒழுகுகிறது என்று நீங்களே பார்க்கலாம், ஒரு டார்ச்சும் ஒரு வெள்ளைத் துணியும் போதும். டிரைவர் கதவைத் திறந்து, கீழே உட்கார்ந்து, கிளட்ச் பெடலின் மேல் முனை சுவருக்குள் போகும் இடத்தில் டார்ச்சை அடியுங்கள். மாஸ்டரின் பின்பக்க ரப்பர் போயிருந்தால் ஆயில் அந்த ராடு வழியாகக் கசிந்து சுவரின் உள்பக்கமாக இறங்கும். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், அதனால் அந்த வழி நெடுக பெயிண்ட் கொப்பளித்து உரிந்து, தகடு தெரியும், சில வண்டிகளில் துருப் பிடித்தே இருக்கும். கார்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சை அமுக்கிப் பாருங்கள், வழுவழுப்பாக இருக்கும். மழைத் தண்ணீர் என்று நினைத்து வருஷக் கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு, இடுக்கிப் பக்கம் மழைக்கு அப்படி நினைப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அப்புறம் வண்டிக்கு அடியில். சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, சமதளத்தில் மட்டும் படுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். கீழ் சிலிண்டரின் முனையில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். அதன் ஓரத்தை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் மெதுவாக நெம்பித் தூக்குங்கள். உள்ளே காய்ந்த தூசி இருந்தால் சிலிண்டர் இன்னும் நன்றாக இருக்கிறது. கருப்பாகக் கூழ் மாதிரி ஈரம் இருந்தாலோ, சொட்டினாலோ, உள்ளே இருக்கும் வாஷர், அதாவது பிஸ்டனைச் சுற்றி ஆயில் நழுவாமல் அடைக்கும் ரப்பர், போய்விட்டது. வெளியே உறை சுத்தமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அந்த உறை கணிசமான ஆயிலை உள்ளேயே பிடித்துவைத்திருக்கும். கியர் ஆயிலா பிரேக் ஆயிலா என்று சந்தேகம் வந்தால் துணியில் தொட்டு தண்ணீர்க் கிண்ணத்தில் முக்குங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும், கியர் ஆயில் மேலே படலமாக மிதக்கும், வாடையும் தனி.

இப்போது கொஞ்சம் நுணுக்கமான சோதனை, உங்கள் விஷயத்தில் இதுதான் அதிகம் சொல்லும். எதிரே சுவரோ ஆளோ இல்லாத சமதளத்தில், கம்பம்மெட்டு ஏறி வந்த சூட்டோடேயே வண்டியை நிறுத்துங்கள். பெடலை வேகமாக ஒரே மிதியாக மிதித்து, இரண்டு மூன்று நொடி விட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்புறம் நியூட்ரலுக்கு வந்து, இந்தத் தடவை பெடலை மிக மெதுவாக, ஐந்தாறு நொடி எடுத்துக்கொண்டு அமுக்கி ரிவர்ஸ் போடுங்கள். வேகமாக மிதித்தால் விழுகிறது, மெதுவாக அமுக்கினால் உரசுகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் முன் வாஷரின் உதடு தேய்ந்துவிட்டது. வேகமாக அமுக்கும்போது அழுத்தம் சட்டென்று ஏறி உதட்டை சிலிண்டர் சுவரோடு அழுத்திவிடும், மெதுவாக அமுக்கும்போது அந்த அழுத்தம் ஏறுவதற்குள் ஆயில் ஓரமாக நழுவிப் பின்னால் போய்விடும். இப்படி நழுவும் ஆயில் டப்பாவுக்கே திரும்பிவிடுவதால், வெளியே ஒரு சொட்டு ஒழுக்கல் இல்லாமலேயே இந்தக் கோளாறு இருக்கலாம். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து நிற்கும்போது நாம் எல்லோரும் பெடலை மெதுவாகத்தான் அமுக்குகிறோம், அப்படியே பிடித்துக்கொண்டும் நிற்கிறோம். மேலே ஏற ஏறத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதன் தொடர்ச்சியாக, பிரேக்கை நன்றாக மிதித்தபடி முதல் கியரில் போட்டு, கிளட்சைத் தரையோடு ஒரு நிமிஷம் பிடித்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி முன்னே நகரப் பார்த்தாலோ, என்ஜின் சத்தம் இறங்கினாலோ, அமுக்கிப் பிடித்த ஆயில் எங்கோ தப்பிக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவதாக ஹோஸ். வீட்டில் யாரையாவது பெடலை மிதிக்கச் சொல்லி, என்ஜினை அணைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஹோஸை விரல்களுக்கு நடுவே பிடித்திருங்கள். மிதிக்கும் நேரம் ஹோஸ் விரலில் உப்புவது தெரிந்தால் அது முடிந்துவிட்டது. இருபது வருஷம் தாண்டிய ரப்பர், மேலே நுண்ணிய வெடிப்புகள் கண்ணுக்கே தெரியும். சூட்டில் இன்னும் இளகும். கீழ் சிலிண்டரின் ராடு எவ்வளவு நகர்கிறது என்பதையும் அப்போதே ஒரு ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் குளிர்ந்த வண்டியில் ஒரு தடவை, ஏறி வந்த சூட்டில் ஒரு தடவை. இரண்டு அளவும் ஒன்றாகவே இருந்து, அப்படியும் சூட்டில் கியர் உரசுகிறது என்றால் மட்டும் நான் சொல்வதைத் தள்ளிவைத்துவிட்டு கம்பம் மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள், ஏனென்றால் ஹைட்ராலிக் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, கோளாறு கூட்டுக்குள் இருக்கிறது. சூட்டில் அளவு குறைந்தால் கியர்பாக்ஸைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

சூடு ஏன் இவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது? பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதன் குணமே அது. பிரேக் ஆயிலின் தரத்தை டாட் 3, டாட் 4 என்று பிரிப்பார்கள். புது டாட் 3 ஆயில் கொதிக்க குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதே ஆயில் 3.7 சதவீதம் தண்ணீர் உறிஞ்சிய பிறகு 140 டிகிரி தாங்கினால் போதும் என்றுதான் தரவிதியே சொல்கிறது. டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரமான பின் 155. வருஷத்தில் பாதி மாதம் சாரலும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில், டப்பா மூடி தளர்ந்த பழைய வண்டியில், மாற்றாமல் நிரப்பிக்கொண்டே வந்த ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிளட்ச் லைனில் ஆயில் கொதிக்கும் அளவுக்கு சூடு வருவது அபூர்வம்தான். ஆனால் ஈரம் சிலிண்டர் சுவரை அரிக்கும், அரித்த சுவர் வாஷரைக் கிழிக்கும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரியும், ஆயில் நீர்த்து தேய்ந்த உதட்டைத் தாண்டி எளிதாக நழுவும். எல்லாம் சேர்ந்து மேலே வருவதற்குள் பெடல் தொளதொளத்துப்போகும்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் கிளட்சைவிட எனக்கு உங்கள் பிரேக்கைப் பற்றித்தான் கவலை. குவாலிஸில் இரண்டுக்கும் டப்பா தனித்தனி, ஆனால் ஆயில் ஒரே ரகம், பராமரித்த கையும் ஒன்று. கிளட்ச் ஆயில் காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்தால் பிரேக் ஆயிலும் அதே வயதாகத்தான் இருக்கும். மலை ஏறும்போது கிளட்ச் சோதிக்கப்படுகிறது, இறங்கும்போது பிரேக் சோதிக்கப்படுகிறது, அங்கே அந்த 140 டிகிரி உண்மையாகவே எட்டக்கூடிய சூடு. ஆயில் கொதித்து ஆவியானால் பிரேக் பெடல் ஒரே மிதியில் தரையைத் தொடும். கம்பம்மெட்டு இறக்கத்தில் அது நடக்கக் கூடாது. கிளட்ச் வேலை செய்யும் அன்றே நாலு சக்கரத்திலும் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மலைப்பாதையிலேயே ஓடும் வண்டி என்பதால் உங்களுக்கு நான் டாட் 4 சொல்வேன், டாட் 3 இருக்கும் வண்டியில் தாராளமாக ஊற்றலாம். டாட் 5 என்று ஒன்று உண்டு, அது சிலிக்கோன், அதை இதோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு, அது இதே குடும்பம்தான்.

பிளேட் மாற்றி இரண்டு வருஷம் ஆகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வேலையின்போது கீழ் சிலிண்டரை மாற்றினார்களா என்று விசாரியுங்கள். மாற்றவில்லை என்றால் ஒழுக்கல் அங்கே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பழைய பிளேட் தேயத் தேய பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு, சிலிண்டரின் ஆழத்திலேயே வருஷக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. வெளிவாய்ப் பக்கம் வாஷர் தொடாமல் தூசியும் ஈரமும் படிந்து துருவேறிக் கிடந்தது. புதுத் தடிமனான பிளேட் போட்டதும் பிஸ்டன் பழையபடி வெளிப்பக்கமாக நகர்ந்து, அந்தக் கரடுமுரடான இடத்தில் வாஷர் உரச ஆரம்பிக்கிறது. கிளட்ச் வேலை செய்த கொஞ்ச காலத்தில் கீழ் சிலிண்டர் ஒழுக ஆரம்பிப்பதை எத்தனையோ வண்டியில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கியர்பாக்ஸை இறக்கும்போது கையோடு அதையும் மாற்றச் சொல்வது.

சரி, எதை மாற்றுவது? என் கருத்து: மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர், ஹோஸ் மூன்றையும் ஒரே தடவையில். ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். கீழே புதுசு போட்டதும் லைனில் முழு அழுத்தம் ஏறும், அதுவரை பாதி அழுத்தத்தில் தப்பித்துக்கொண்டிருந்த மேல் வாஷர் அடுத்த மாதம் போகும். மறுபடி ஒரு நாள் வேலை, மறுபடி ஆயில், மறுபடி ஏர் எடுக்க, அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். மூன்றும் சேர்ந்தாலும் கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் செட் போடும் செலவில் சிறு பங்குதான். குவாலிஸ் 2005-லேயே நின்றுபோனாலும் டாக்ஸியாக ஓடிய வண்டி என்பதால் பாகங்கள் தேனி, மதுரைப் பக்கம் இன்னும் கிடைக்கின்றன. பெட்டியில் இருக்கும் பார்ட் நம்பரைப் பழையதோடு ஒப்பிட்டு, உள்விட்டம் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள். விட்டம் மாறினால் பெடல் நகர்வுக்கும் ராடு நகர்வுக்கும் கணக்கு மாறிவிடும்.

வாஷர் கிட் மட்டும் வாங்கிப் போடுவதானால் ஒரு நிபந்தனை. சிலிண்டரைக் கழற்றித் துடைத்து, உள்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால், புள்ளிப் புள்ளியாக அரிப்பு இருந்தால், கிட் வேண்டாம், முழு சிலிண்டர்தான். எமரித் தாளைச் சுற்றித் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், தேய்த்தால் விட்டம் கூடும், வாஷர் சரியாக உட்காராது.

இப்போது ரப்பர் விஷயம். பிரேக், கிளட்ச் சிலிண்டர்களின் வாஷர்கள் பிரேக் ஆயிலுக்கென்றே செய்த ரப்பர். பெட்ரோலியத்திலிருந்து வரும் எதுவும், அது என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ டீசலோ மண்ணெண்ணெயோ, அந்த ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்துவிடும். முதலில் பெடல் கெட்டியாகி நன்றாக இருப்பது மாதிரித் தெரியும், அதை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. ஓரிரு நாளில் வாஷர் உப்பி சிலிண்டருக்குள் இறுகி, பெடல் திரும்பி வராது. ஊற்றியாகிவிட்டது என்றால் கழுவிச் சரிசெய்ய முடியாது, ஆயில் தொட்ட ரப்பர் அத்தனையும், டப்பா மூடியின் வாஷர் உட்பட, மாற்றியே ஆக வேண்டும். பட்டறையில் சிலிண்டரை டீசல் தட்டில் போட்டுக் கழுவுவது நம் பக்கம் சகஜமாக நடக்கிறது, நீங்கள் பக்கத்தில் நின்று தடுங்கள். புது பிரேக் ஆயிலாலேயே கழுவச் சொல்லுங்கள், வாஷரைப் போடும்போதும் அதே ஆயிலைத் தடவித்தான் போட வேண்டும், கிரீஸ் கூடாது. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும்.

குழாய் நட்டைக் கழற்றும்போது சாதாரண ஸ்பேனர் போட்டு முனை மழுங்கிப்போனால், இரும்புக் குழாயையும் சேர்த்து மாற்றும் வேலை வந்து நிற்கும். குழாய் நட்டுக்கென்று, ஒரு பக்கம் வெட்டுவிட்ட வளைய ஸ்பேனர் உண்டு, அது இருக்கிற பட்டறையாகப் பாருங்கள். முந்தின நாளே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து வைப்பதும் நல்லது.

ஏர் எடுப்பதுதான் பலர் அவசரப்படும் இடம். புது மாஸ்டரை மாட்டுவதற்கு முன் வெளியிலேயே ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெதுவாக அமுக்கி விட்டு, குமிழி நிற்கும்வரை செய்துவிட்டால் பாதிப் பாடு மிச்சம். மாட்டிய பின், கீழ் சிலிண்டரில் காற்றை வெளியேற்றத் திறக்கும் சின்னத் திருகான நிப்பிளில் நிறமற்ற ட்யூபைச் செருகி, மறுமுனை கொஞ்சம் ஆயில் இருக்கும் பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், மற்றவர் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூட வேண்டும், மூடிவிட்டேன் என்று குரல் கொடுத்த பிறகுதான் பெடலை விட வேண்டும். மூடுவதற்கு முன் பெடலை விட்டால் எடுத்த காற்று முழுக்கத் திரும்ப உள்ளே போகும். டப்பா ஒருபோதும் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. நடுவில் பெடல் தானாக எழும்பி வராவிட்டால் காலால் தூக்கிவிடுங்கள், ஆரம்பத்தில் அது சகஜம். ட்யூபில் குமிழி நின்ற பிறகும் பெடல் பஞ்சு மாதிரியே இருந்தால், கீழே ராடைக் கையால் மெதுவாக உள்ளே தள்ளிப் பாருங்கள், மேலே டப்பாவில் குமிழி கிளம்பும், குழாயின் மேல் வளைவில் மாட்டியிருந்த காற்று அது. சிலிண்டர் கழன்று தொங்கும்போது மட்டும் யாரும் பெடலை மிதித்துவிடக் கூடாது, பிஸ்டன் வெளியே தெறித்துவிடும்.

மாட்டி முடித்த பின் பெடலில் கொஞ்சம் விளையாட்டு இருக்க வேண்டும். விரலால் தொட்டு அமுக்கினால், கனம் தட்டுவதற்கு முன் சில மில்லிமீட்டர் சும்மா போக வேண்டும். பெடல் உயரமாக, டைட்டாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று ராடை நீட்டி அந்த இடைவெளியையே இல்லாமல் செய்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் மாஸ்டரின் வாஷர் முழுசாகப் பின்னால் வராமல், டப்பாவுக்குப் போகும் பொடித் துளையை மூடியபடியே நிற்கும், சூட்டில் விரியும் ஆயிலுக்குத் திரும்ப வழியிருக்காது, கிளட்ச் எப்போதும் லேசாக அமுங்கியே இருக்கும், பிளேட் நழுவி எரியும். ஏற்றத்தில் என்ஜின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் உடனே பிளேட் போச்சு என்று முடிவுகட்டாமல், கீழ் நிப்பிளை ஒரு கணம் திறந்துவிட்டுப் பாருங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து கிளட்ச் பிடித்துக்கொண்டால் கோளாறு இந்த இடைவெளியில் அல்லது உள்ளே அடைத்துக்கொண்ட ஹோஸில்.

பெடலையும் ராடையும் இணைக்கும் பின்னையும் அதன் ஓட்டையையும் மறக்காமல் பாருங்கள். ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் நகர்வில் ஒரு பங்கு அங்கேயே வீணாகும், அதைச் சரிசெய்யாமல் புது சிலிண்டர் போட்டும் பலன் முழுசாகத் தெரியாது.

பாகம் வந்து சேரும்வரை வண்டியை என்ன செய்வது? கட்டப்பனை, அணக்கரை என்று மேலேயே, பக்கத்தில் ஓட்டலாம், டப்பாவைப் பார்த்துக்கொண்டு. கம்பம் இறங்காதீர்கள். ஐயப்ப சீசன் ஆரம்பித்துவிட்டால் குமுளி வழியிலும் இந்த வழியிலும் வளைவுக்கு வளைவு வரிசை நிற்கும், அங்கே பெடல் செத்தால் உங்கள் பின்னால் நிற்கிறவர்களுக்கும் ஆபத்து. தப்பித்தவறி ஏற்றத்தில் அப்படி ஆகிவிட்டால், முதல் கியரிலேயே என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அப்புறம் மற்றதை யோசியுங்கள். வரிசையில் நிற்கும்போது பாதிக் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் ஹேண்ட் பிரேக்கில் நிறுத்துங்கள்.

பட்டறையில் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அப்படியே சொல்லுங்கள்: "சூட்டில் ராடு நகர்வு குறைகிறது, இரண்டு சிலிண்டரும் ஹோஸும் மாற்றணும், டீசலில் கழுவக் கூடாது, புதுப் பாட்டிலை என் முன்னால் திறக்கணும்." ஸ்கேலில் எடுத்த இரண்டு அளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், அளவோடு வருகிறவரிடம் நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். வேலை முடிந்த முதல் வாரம், தினமும் காலையில் கிளப்புவதற்கு முன் டப்பாவின் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு நகர்ந்தால் எழுதுங்கள், எந்தப் பக்கம் ஈரம் தெரிந்தது என்பதையும் சேர்த்து.